காசை எங்க போடறது? ஒரு டேப், ஒரு பேனா முனை, ஒரு ஜிப்

"டேப்லாம் படம் பார்க்கத்தாங்க. வேலைக்கெல்லாம் ஆகாது."

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து இலைக்காரர் சொன்னது. சாம்பார் வந்துட்டு இருந்துச்சு, அதனால நான் பதில் பேசல. ஆனா வீட்டுக்கு வந்த பிறகும் மனசுல அதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. எழுதினாதான் அடங்கும்னு தெரிஞ்சுபோச்சு.

ஏன்னா எனக்குச் சோறு போடுறதே அந்த டேப்தான்.

நான் பார்க்கிறது ப்ரூஃப் வேலை. பக்கம் கட்டின பிடிஎஃப் பதிப்பகத்துலருந்து வரும். எழுத்தெழுத்தா படிக்கணும். எங்க ஒற்று விட்டுப்போச்சு, எங்க 'ன' வரவேண்டிய இடத்துல 'ண' வந்திருக்கு, எந்த வரியோட கடைசி 'க்' மட்டும் தனியா அடுத்த வரிக்கு ஓடிப்போச்சு, எந்த அத்தியாயத்துல பக்கத் தலைப்பு பழைய அத்தியாயத்தோடதா நிக்குது... எல்லாம் குறிச்சுத் திருப்பி அனுப்பணும். சென்னை புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். அதனால அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் எங்க தொழில்ல யாரும் சரியாத் தூங்க மாட்டாங்க. (வடகிழக்குப் பருவமழையும் அதே மூணு மாசம்தான். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பை பத்திப் பேசும்போது வேணும்.)

முன்னாடி எல்லாம் காகிதம். பிரின்ட் எடுத்து அனுப்புவாங்க, சிவப்புப் பேனாவால திருத்தி கூரியர்ல போடுவோம். 400 பக்க நாவலுக்கு மூணு ப்ரூஃப்னா 1,200 தாள். அப்புறம் லேப்டாப் வந்துச்சு, "பிடிஎஃப்லயே கமென்ட் போட்டுடுங்க"ன்னாங்க.

லேப்டாப்ல ப்ரூஃப் பார்த்திருக்கீங்களா? ஒரே ஒரு ஒற்றைச் சேர்க்கணும். மவுஸைக் கொண்டுபோய் அந்த எழுத்துக்கு மேல வைக்கணும். இழுத்து செலக்ட் பண்ணணும். (அது பக்கத்து வார்த்தையையும் சேர்த்துப் பிடிக்கும்.) வலது க்ளிக். பெட்டி திறக்கும். கீபோர்டைத் தமிழுக்கு மாத்தி "த் சேர்க்கவும்"னு அடிக்கணும். மூடணும். இவ்வளவும் ஒரு புள்ளிக்கு! பேனா இருந்தா ஒரு சின்னக் கூரை, ஓரத்துல 'த்', அடுத்த வரி. கண்ணு வரியை விட்டு நகரவே நகராது. ப்ரூஃப் பார்க்கிறதுல முக்கியமே அதுதான். கண்ணு வரியை விட்டுப் போச்சுன்னா, அடுத்த பிழை அந்த இடைவெளியிலதான் தப்பிச்சுப் போகும்.

"தேடி மாத்திக்கலாமே, கம்ப்யூட்டர் எதுக்கு இருக்கு?"ன்னு கேப்பீங்க. சொல்றேன். இன்னிக்கும் எங்களுக்கு வர்ற புத்தகங்கள்ல கணிசமானது பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுல கட்டினது. திரையில பார்த்தா அழகான தமிழ். ஆனா உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துதான் இருக்கு, எழுத்துருதான் அதுக்குத் தமிழ் உருவம் குடுக்குது. பாமினியில நம்ம மெய்யெழுத்துப் புள்ளி இருக்கே, அது உண்மையில ஒரு அரைப்புள்ளிக் குறி! ஒரு வரியை காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கொட்டும். அப்படிப்பட்ட பிடிஎஃப்ல யுனிகோடு தமிழ்ல எதைத் தேடினாலும் கிடைக்காது. கண்ணும் கையும்தான் ஒரே வழி.

அதனால டேப்.

இப்ப சைஸ் கதை. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

நாவல், கட்டுரைத் தொகுப்புன்னு நம்ம கைக்கு வர்ற புத்தகங்கள்ல நிறைய டெமி சைஸ்தான். அகலம் 5.5 இன்ச், உயரம் 8.5 இன்ச். மூலைக்கு மூலை அளந்தா சுமார் 10.1 இன்ச். டேப் விக்கிறவங்க சொல்ற இன்ச்சும் இதே மூலைக்கு மூலைதான். 11 இன்ச் டேப், 16:10 வடிவம்னு வெச்சுக்குவோம். நிமிர்த்திப் பிடிச்சா திரை உயரம் 9.3 இன்ச், அகலம் 5.8 இன்ச். ஒரு டெமி பக்கம் அச்சுல எந்த அளவுல வருமோ அதே அளவுல, சுருக்காம, பெருக்காம உள்ள உட்காரும்! 4:3 வடிவத்துல 11 இன்ச்னா 8.8க்கு 6.6. அதுலயும் உட்காரும், ஓரத்துல குறிப்பெழுதக் கொஞ்சம் கூடுதல் இடமும் கிடைக்கும்.

நிஜ அளவு எதுக்கு? 11 பாயின்ட் எழுத்து 11 பாயின்ட்டாவே தெரியும். வரிக்கும் வரிக்கும் நடுவுல இடம் நெருக்கமா இருக்கா, அடிக்குறிப்பு வயசானவங்க படிக்கிற மாதிரி இருக்கா, கவிதை வரி பக்கத்துல எப்படி நிக்குது... வாசகர் கையில புத்தகம் எப்படி இருக்கும்னு அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே பார்த்துடலாம். லேப்டாப்ல 140 சதவீதம் பெருசாக்கிப் படிக்கிறப்ப இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

ஏ4 கோப்புதான் உங்க வேலைன்னா கதை வேற. ஏ4 தாள் மூலைக்கு மூலை 14.3 இன்ச். 11 இன்ச்ல அது சுருங்கித்தான் வரும். கோர்ட்டு பேப்பர், ஆய்வேடு, ஆடிட் ரிப்போர்ட்டுன்னு பார்க்கிறவங்க 13 இன்ச் பக்கம் போறது நல்லது. (கை வலிக்கும். மேசையில வெச்சுத்தான் படிக்கணும்.)

அதாவது, "எந்த டேப் நல்லது"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, தினமும் நீங்க பார்க்கிற தாளை ஒரு ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. இதை எந்தக் கடையிலயும் சொல்ல மாட்டாங்க.

கடைக்குப் போனா என்ன பண்ணணும்? சேல்ஸ்ல நிக்கிற பையன் உடனே ஒரு சினிமா ட்ரெய்லரைப் போட்டுக் காட்டுவான். கலர் அள்ளும். பார்த்து ரசிச்சுட்டு, உங்க பையிலருந்து ஒரு பென்டிரைவை எடுங்க. டைப்-சி முனை இருக்கிறது. அதுல முன்னாடியே ரெண்டு ஃபைல் போட்டுட்டுப் போகணும். ஒண்ணு, உங்க வேலையிலயே பெரிய பிடிஎஃப். இன்னொண்ணு, ஸ்கேன் பண்ணின பழைய புத்தகம். (தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல வண்டி வண்டியா இருக்கு, காசில்லாம எடுத்துக்கலாம்.) ஸ்கேன் புத்தகத்துல ஒவ்வொரு பக்கமும் ஒரு பெரிய படம். அதைத் திறந்து விறுவிறுன்னு பக்கத்தைத் தள்ளுங்க. மெமரி கம்மியான டேப் அங்கயே மூச்சு வாங்கும். வெள்ளைப் பக்கம் வந்து நிக்கும், அப்புறம் மங்கலா வரும், அப்புறம்தான் எழுத்து தெளியும்.

அடுத்து பேனா. ஒரு ஸ்கேலைத் திரையில சாய்வா வெச்சு, அதை ஒட்டியே ரொம்ப மெதுவா ஒரு கோடு போடுங்க. வேகமாப் போட்டா எல்லா டேப்லயும் நேராத்தான் வரும். மெதுவாப் போட்டாதான் குணம் தெரியும். சுமாரான திரையில அந்தக் கோடு சின்னச் சின்ன அலையா நெளியும். அப்புறம் சின்ன எழுத்துல 'ணை', 'றை', 'ஞ்சு'ன்னு எழுதிப் பாருங்க. நம்ம எழுத்துல சுழி ஜாஸ்தி. கோடு நெளியற திரையில சின்ன 'ணை' எழுதினா சுழியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியா நிக்கும்.

(2007ல ஐபோனை அறிமுகம் பண்ணின மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் இந்தத் திரைப் பேனாவையே வேண்டாம்னு ஒதுக்கினார். விரல் இருக்கும்போது எதுக்குன்னு. போனுக்கு அவர் சொன்னது சரிதான். 2010ல ஐபேட் வந்துச்சு, 2015ல ஐபேட் ப்ரோவோட அதே கம்பெனியே பென்சில் கொண்டுவந்துச்சு. பெரிய பலகையைக் கையில குடுத்தா மனுஷன் எழுதத்தான் பார்ப்பான்!)

பேனாவுல ரெண்டு ஜாதி இருக்கு. ஆப்பிள் பென்சில் மாதிரி, உள்ள பேட்டரி வெச்சது. சார்ஜ் பண்ணணும். இன்னொண்ணு, சாம்சங் டேப்கள்ல வர்ற எஸ் பென் மாதிரி. எழுதறதுக்கு அதுக்கு பேட்டரியே வேணாம். திரைக்கு அடியில இருக்கிற ஒரு தகடு மின்காந்தப் புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள் தனக்கு வேணுங்கிற சக்தியை அதுலருந்தே எடுத்துக்கும். ஜப்பான்ல வாகாம் கம்பெனி வளர்த்தெடுத்த முறை இது. என்கிட்ட இருக்கிறது இந்த ரெண்டாவது ஜாதிதான். ராத்திரி ரெண்டு மணிக்கு, காலையில ஃபைல் ப்ரெஸ்ஸுக்குப் போகணும்ங்கிற நிலைமையில, பேனா சார்ஜ் இல்லாம நிக்காதுங்கிற நிம்மதி இருக்கே, அதுக்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். படம் வரையறவங்க பென்சில்தான் உசத்திம்பாங்க. அவங்க வேலைக்கு அது சரியா இருக்கலாம். என் வேலை ஒற்றும் புள்ளியும்.

இப்ப பேனா முனைக்கு வரேன். இந்தப் பதிவோட நடு விஷயமே இதுதான்.

வெறும் கண்ணாடியில எழுதினா பேனா வழுக்கும். டக் டக்னு சத்தம் வேற. கையெழுத்து நம்ம கையெழுத்தாவே இருக்காது. அதுக்காக மேட் ஃபிலிம்னு ஒரு சொரசொர ஒட்டு விக்கிறாங்க. ஒட்டின உடனே வித்தியாசம் தெரியும். தாள்ல எழுதற மாதிரி ஒரு சின்னப் பிடிமானம், 'சர்'ருன்னு ஒரு மெல்லிய ஓசை. ட்யூப்லைட் பிரதிபலிப்பும் போயிடும். ஆனா அது தன் விலையைக் கேக்கும். வெள்ளைப் பின்னணி லேசா மினுக்கும், அப்புறம் அந்தச் சொரசொரப்பு பேனா முனையைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும்.

முனை தேய்ஞ்சா எப்படித் தெரியும்னா, முதல்ல கோடு சரியாத்தான் வரும். ஆனா கையில ஏதோ உறுத்தும். முனையை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. உருண்டையா இருந்த நுனியில ஒரு பக்கம் மட்டும் சப்பையாகி, ஓரம் கத்தி மாதிரி நிக்கும். அதோட எழுதினா ஃபிலிம்ல கீறல் விழும். மாத்தறது சுலபம். டப்பாவுலயே சில மாடல்களுக்குக் குட்டி இடுக்கியும் மாத்து முனையும் குடுக்கறாங்க. இடுக்கியால பிடிச்சு இழுத்தா பழசு வந்துடும், புதுசைச் சொருகி மேசையில லேசா அழுத்தினா உட்கார்ந்துடும். அவ்வளவுதான். திரும்ப முதல் நாள் பேனா.

டேப்போட விலையில இந்த முனையோட விலை எங்க ஒரு மூலைக்கு வரும்? ஆனா நாள் பூரா என் கை தொட்டுக்கிட்டு இருக்கிறது ப்ராசஸரை இல்ல, இந்த முனையை.

இதைத்தான் நான் எல்லாப் பொருளுக்கும் பிடிச்சுக்கிட்டேன். கை எங்க தேயுதோ, இல்ல பொருள் எங்க தேயுதோ, காசை அங்க போடணும். அப்புறம், தேயற பாகத்தை மட்டும் தனியா வாங்கி மாத்த முடியுமான்னு பார்க்கணும். முடியும்னா அது நல்ல பொருள். முடியாதுன்னா, எவ்வளவு பளபளப்பா இருந்தாலும் கடையிலயே வெச்சுட்டு வந்துடுவேன்.

கீபோர்டையும் இப்படித்தான் பார்த்தேன். டேப்புக்குன்னே வர்ற காந்தக் கீபோர்டு கவர் அழகா இருக்கும். ஆனா அதைச் சேர்த்துத் தூக்கினா எடை ஒரு கிலோவைத் தொடும், சிலது தாண்டும். அப்புறம் எதுக்கு டேப்? அதோட, அந்த கவர் அந்த மாடலுக்கு மட்டும்தான். டேப் மாறினா அதுவும் குப்பை. நான் வெச்சிருக்கிறது தனியான ஒரு ப்ளூடூத் கீபோர்டு, லாஜிடெக் கே380. ரெண்டு சின்ன பேட்டரி. மூணு கருவியோட சேர்த்து வெச்சுக்கலாம், மேல இருக்கிற ஒரு பட்டனைத் தட்டினா டேப்லருந்து போனுக்கு, போன்லருந்து கம்ப்யூட்டருக்குத் தாவும். வீட்டு மேசையிலயே இருக்கு. வெளிய போறப்ப எடுத்துட்டுப் போறதில்ல, ஏன்னா வெளிய நான் டைப் பண்றதே கம்மி.

நிறைய டைப் பண்றவங்க கவனிக்க வேண்டியது தமிழ் கீபோர்டு. என் சினேகிதி ஒருத்தி நாவல் எழுதறா, முழுக்க ஐபேட்லதான். அதுல வெளிக் கீபோர்டுக்கே தமிழ்99 உள்ளயே குடுத்திருக்காங்க. 1999ல தமிழ்நாடு அரசு தரப்படுத்தின அமைப்பு அது. உயிர் இடது கையில, மெய் வலது கையில. 'க'வை ரெண்டு தட்டு தட்டினா முதல் 'க'வுக்குத் தானே புள்ளி விழுந்து 'க்க' ஆயிடும். 'ங'வும் 'க'வும் அடுத்தடுத்து வந்தா 'ங்க'. புள்ளிக்குன்னு தனியா ஒரு தட்டு வேணாம். தமிழ் வார்த்தை எப்படி அமையுதுன்னு யோசிச்சு யாரோ உட்கார்ந்து செஞ்சிருக்காங்க பாருங்க! அவ விரல் ஓடற வேகத்தைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கும். அதனால எந்த டேப் வாங்கினாலும், நீங்க பழகின தமிழ் அமைப்பு வெளிக் கீபோர்டுல வேலை செய்யுதான்னு கடையிலயே ஒரு கீபோர்டை இணைச்சு அடிச்சுப் பார்த்துடுங்க. திரைக் கீபோர்டுல வர்றதெல்லாம் வெளிக் கீபோர்டுல வரும்னு நினைச்சுடாதீங்க.

இன்னொரு தொழில் ரகசியம். பேனாவால போட்ட திருத்தத்தைச் சில செயலிகள் தன்கிட்டயே தனியா வெச்சுக்கும். உங்க திரையில பக்கம் பூரா சிவப்பா இருக்கும், அனுப்பினா டிடிபி பண்றவர் ஸ்க்ரீன்ல வெள்ளைவெளேர்னு வரும். "மேடம், ஒரு திருத்தமும் இல்லையா?"ன்னு அவர் சந்தோஷமா போன் பண்ணுவார். அதனால அனுப்பும்போது திருத்தங்களைப் பக்கத்தோட பக்கமா இறுக்கிப் பதிச்சு ஏற்றுமதி பண்ற வசதி இருக்கிற செயலியாப் பாருங்க. பதிச்சதை ஒரு தடவை வேற கருவியில திறந்து பார்த்துட்டு அனுப்புங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா இல்ல, டாக்குமென்டா.

சரி, கேபிள்.

டைப்-சி வந்ததும் "அப்பாடா, இனி ஒரே கேபிள்"னு எல்லாரும் மூச்சு விட்டோம். ஐரோப்பாவுல 2024 டிசம்பர் 28லருந்து போனு, டேப்பு எல்லாத்துக்கும் டைப்-சி கட்டாயமே ஆக்கிட்டாங்க. வாய் ஒண்ணாயிடுச்சு. ஆனா கேபிள் ஒண்ணாகல. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு கேபிள்ல ஒண்ணு 60 வாட் வரைக்கும் தாங்கும், இன்னொண்ணு 100, 240ன்னு போகும். 3 ஆம்பியருக்கு மேல போகணும்னா கேபிளோட தலையில ஒரு குட்டிச் சிப் இருக்கணும். சிலது சார்ஜ் மட்டும் ஏத்தும், ஃபைல் போகாது. ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா அட்டையில எழுதியிருக்கிற வாட்டைக் காட்டுவாங்க. நான் பார்க்கிறது கழுத்தை. முனையும் வயரும் சேர்ற இடம் இருக்கே, அங்க ரப்பர் உறை நீளமா, வளைச்சா மெதுவா வளையற மாதிரி இருக்கணும். குட்டையா விறைப்பா இருந்தா அந்த ஓரத்துலதான் முதல்ல பிளந்து உள்கம்பி எட்டிப்பார்க்கும். டேப்புக்கு 60 வாட் கேபிளே போதும். மிச்சக் காசுக்கு நீளமா வாங்குங்க. ரயில்ல ப்ளக்கு எங்க இருக்கும், நம்ம சீட்டு எங்க இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

பவர் பேங்க்ல ஒரே ஒரு விஷயம். முன்னாடி பெருசா 20,000 எம்ஏஹெச்னு போட்டிருக்கும். அது உள்ள இருக்கிற செல்லோட 3.7 வோல்ட் கணக்கு. வெளிய 5 வோல்ட்டா மாத்தி வர்றப்ப நஷ்டம் போக 12,000 சொச்சம்தான் கைக்கு வரும். பின்னாடி பொடி எழுத்துல அந்த நிஜ அளவையும் போட்டிருப்பாங்க. அதைப் போடாத கம்பெனியை நான் தொடறதில்ல. பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னும் பார்த்துக்கோங்க. இந்தியாவுல பவர் பேங்குக்கு அது கட்டாயம்.

இப்ப பை. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

மழைக்காலத்துல ப்ரூஃபோட அலையறவளுக்குப் பைதான் வீடு. போன மாசம் என் பையோட ஜிப் பல்லைக் கடிக்காம வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. மூடினா மூடும், பின்னாடியே திறந்துக்கும். எங்க தெரு முனையில வேப்பமரத்தடியில மெஷின் போட்டிருக்கிற பை தைக்கிற அண்ணன்கிட்ட கொண்டுபோனேன்.

கையில வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்தார். விரலால பல்லைத் தடவினார்.

"பல்லு நல்லாருக்கும்மா. ரன்னர்தான் லூஸாயிடுச்சு."

"புது ஜிப்பே வெச்சுடலாமாண்ணே?"

"எதுக்கும்மா? இந்த ஜிப்பு இன்னும் ரொம்ப நாள் வரும். ரன்னரை மட்டும் மாத்திக்கோ."

ஜிப்போட ஒரு முனையில நாலு தையலைப் பிரிச்சு, பழைய ரன்னரை உருவிட்டு, டப்பாவுலருந்து அதே நம்பர்ல ஒண்ணைத் தேடி ஏத்தினார். ரன்னரோட முதுகுல பொடியா ஒரு எண் இருக்கும். 5, 8, 10. எண் கூடக் கூடப் பல்லு அகலம். புத்தகம், டேப்புன்னு கனம் தூக்கற பைக்கு முக்கிய ஜிப் 8 இல்ல 10 இருந்தா நல்லது. 5ங்கிறது உள் பாக்கெட்டுக்குச் சரி. ரன்னரை ஏத்தினதும் இந்தக் கடைசிலருந்து அந்தக் கடைசிக்கு ஒரு இழு இழுத்தார். 'ஸ்ர்ர்ர்'னு ஒரே சீராப் போச்சு. அந்தச் சத்தத்துல எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியல!

அவர்கிட்ட பேச்சுக் குடுத்ததுல தெரிஞ்சுக்கிட்டது இது. நைலான் சுருள் ஜிப்புன்னா பிரிஞ்சாலும் திரும்பச் சேர்ந்துக்கும், ரன்னர் மாத்தினாப் போதும். தடிப் பிளாஸ்டிக் பல்லு வெச்ச ஜிப்புல ஒரு பல்லு ஒடைஞ்சா முழு ஜிப்பையும் பிரிக்கணும். ரன்னர்ல ஒய்கேகேன்னு பொறிச்சிருந்தா (ஜப்பான் கம்பெனி, 1934லருந்து இருக்கு) அவர் முகமே மலர்ந்துடுது. பையை வாங்கறப்ப தோள்பட்டை வார் பையோட சேர்ற இடத்தைத் திருப்பிப் பாருங்கன்னார். அங்க ஒத்தைத் தையல் போட்டிருந்தா வெக்கணும், நெருக்கமா முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டம் கட்டியிருந்தா வாங்கணும். கடையில நாம வெளிப்பக்கத்தைப் பார்க்கறோம். அவர் பையை உள்ளவெளியாத் திருப்பிப் போட்டுத்தான் பார்க்கறார். இப்ப நானும் அப்படித்தான்.

தண்ணி பாட்டில் பத்தி ரெண்டு வரி. எவர்சில்வர் பாட்டில்ல 304ன்னு அடியில பொறிச்சிருக்கும். குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் இருக்கிற ரகம், அதான் 18/8ன்னும் போடுவாங்க. காந்தத்தை வெச்சுப் பார்த்து "ஒட்டல, அதனால ஒரிஜினல்"னு சொல்றவங்களை நம்பாதீங்க. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசைக் கூட்டின 200 வரிசை மலிவு ரகமும் காந்தத்துல ஒட்டாது. நான் பார்க்கிறது மூடியில இருக்கிற வாஷர் தனியாக் கிடைக்குமான்னுதான். பாட்டில் நெளியாது, வாஷர்தான் நாறும், கிழியும். தண்ணி கசிஞ்சா பையில இருக்கிறது டேப்பு. (பாட்டில் எப்பவுமே வெளிப் பாக்கெட்டுலதான், நிமிர்ந்துதான். இதுல நான் ரொம்பக் கண்டிப்பு.)

மழையைவிட வெயில்தான் டேப்புக்கு மோசம். ஆப்பிள் தன் ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரைக்கும் இருக்கிற இடத்துல பயன்படுத்தச் சொல்லுது. சென்னை மே மாசத்துல 40ஐத் தாண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் ஆகாது, எந்நேரமும் நூறு சதவீதத்துல நிக்கிறதும் ஆகாது. இப்ப நிறைய டேப்ல 80 சதவீதத்தோட சார்ஜை நிறுத்திக்கிற வசதி இருக்கு, அதைப் போட்டு வெச்சுடுங்க. தடிமனான கவரோட தலையணை மேல வெச்சு சார்ஜ் போடாதீங்க. பேட்டரி ஒண்ணுதான் இந்த டேப்புல தெருமுனையில மாத்திக்க முடியாத தேய்மானம். அதனால அதை மட்டும் பொத்திப் பொத்தித்தான் வெச்சுக்கணும்.

எங்க அண்ணன் பையன் இந்த வருஷம் சட்டக் கல்லூரியில சேர்ந்திருக்கான். "அத்தை, புது மாடல் டேப் வாங்கவா?"ன்னு கேட்டான். என்ன படிக்கறேன்னு கேட்டேன். தீர்ப்பு, தீர்ப்பு, தீர்ப்பு. எல்லாம் ஏ4. "13 இன்ச் பாருடா. புது மாடல் வேணாம், போன வருஷத்து மாடல் எடு. ஆனா அப்டேட் இன்னும் எத்தனை வருஷம் வரும்னு பார்த்துட்டு எடு"ன்னேன். மிச்சமாகற காசுல ஒரு மேட் ஃபிலிம், மாத்து முனை, நல்ல கழுத்து இருக்கிற கேபிள், 8ஆம் நம்பர் ஜிப் வெச்ச பை. அவனுக்கு லேசா ஏமாத்தம்தான். புது மாடல்ல கேமரா நல்லா இருக்காம்.

"தீர்ப்பைப் போட்டோ எடுக்கப் போறியாடா?"

சிரிச்சுட்டான். சனிக்கிழமை ரெண்டு பேருமா ரிச்சி ஸ்ட்ரீட் போறோம். ஸ்கேலும் பென்டிரைவும் அவன் பொறுப்பு.